தேதி தெரிந்த கஷ்டம்

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். மீன்பிடித் தடைக்காலம் வந்தாலே வருஷா வருஷம் என் நகை அடகுக்குப் போகிறது. வீட்டுச் செலவில் எதைக் குறைப்பது?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தேதி தெரிந்த கஷ்டம் இது, தங்கச்சி. தை மாதமே தயாராகிவிடுங்கள். எங்கள் வீட்டிலும் விசைப்படகு வருமானம்தான். பங்குப் பணம் கைக்கு வந்த அன்றே, மளிகைக் கடைக்குப் போகும் முன், 200 ரூபாயைத் தனி டப்பாவில் போட்டுவிடுவேன். செலவு போக மிச்சத்தைச் சேர்க்கலாம் என்றிருந்த வருஷங்களில் மிச்சம் இருந்ததே இல்லை.

அப்புறம் கருவாடு. பங்குனி வெயிலை விடாதீர்கள். நெத்திலி மலிவாக வரும் நாளில் கூடுதலாக வாங்கி, நன்றாக அலசிக் காயப்போடுங்கள். வெறும் மணலில் வேண்டாம், நறநறக்கும். பழைய வலையை உயரக் கட்டி அதில் பரப்பினால் அடியிலும் காற்றுப் படும். எடுத்து ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். இந்தக் கருவாடும் வாசல் முருங்கையும் இருந்தால் பல நாள் குழம்புச் செலவு பாதியாகும். முருங்கைக்கு அரிசி கழுவிய தண்ணீர் போதும். குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

கரன்ட்டில், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டவிடாதீர்கள், ஒரு யூனிட் தாண்டினாலும் பில் எகிறும்.

சரி, அடகு வைத்தே ஆக வேண்டுமென்றால் கூட்டுறவு வங்கியில் வட்டி கேட்டுவிட்டு அப்புறம் அடகுக் கடைப் படியேறுங்கள்.