ஃபோமை எங்கே ஒட்டுவது, எப்படி ஒட்டுவது? வீட்டு ஒலிப்பதிவு அறை: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கியவர்கள் அனுப்பும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபோம் (எதிரொலியைக் குறைக்கச் சுவரில் ஒட்டும் பஞ்சு அட்டை) பற்றியவைதான். வாங்கிய பிறகு கேட்பவர்களே அதிகம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அறை 10-க்கு 12 அடி, உயரம் 10 அடி. குரல் பதிவுக்காக ஓரடிச் சதுரம், 2 அங்குல கனத்தில் 24 ஃபோம் வாங்கியிருக்கிறேன். மைக்குக்குப் பின்னால் உள்ள சுவர் முழுக்க ஒட்டிவிடலாமா?
– வாசகர், மதுரை

அந்தச் சுவரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரல் பதிவுக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது கார்டியாய்டு மைக். முன்பக்கத்தில் இருந்து வருவதை நன்றாக வாங்கும், முதுகுப் பக்கத்தில் இருந்து வருவதைப் பெரிதும் தள்ளிவிடும். மைக்கின் முகம் உங்களைப் பார்த்து இருக்கிறது, அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அறையைச் சுற்றிவிட்டு அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேராக மைக்கின் முகத்தில் விழும். முதல் ஃபோம் ஒட்ட வேண்டிய இடம் அதுதான்.

உட்கார்ந்து பேசுபவருக்கு வாய் தரையில் இருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில் இருக்கும். எனவே இரண்டரை அடியில் தொடங்கி ஐந்தரை அடி வரை ஒட்டினால் போதும். தரையோரமும் சுவரின் உச்சியும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் முதுகுப் பக்கம் அகலத்தில் 4, உயரத்தில் 3 என்று 12 ஃபோம். இடப்பக்கமும் வலப்பக்கமும் வாய்க்கு நேராக நாலு நாலு. மிச்சம் இருக்கும் 4 மைக்குக்குப் பின்னால். மேசை மீது மைக் வைத்திருந்தால் மேசைப் பலகையில் ஒரு கனமான போர்வையை இரண்டாக மடித்துப் போடுங்கள். மைக்குக்கு மிக அருகில் ஒலி பட்டுத் திரும்பும் இடம் அந்தப் பலகைதான். பலர் சுவரை மூடிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

அதோடு ஒரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகும் என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. எதிரொலி மிகுந்த ஒரு விரிவுரை அறைக்குள் அரங்கத்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தே அவர் அதைக் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் (சதுர மீட்டரில்) வகுக்க வேண்டும். உங்கள் அறை 34 கன மீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையுமாகக் காலியாக இருந்தால் ஒலி அடங்க 3 விநாடி அளவுக்கு ஆகும். 24 ஃபோமும் சேர்ந்து 2.2 சதுர மீட்டர்தான். அவை அந்த 3 விநாடியை ஒன்றரை விநாடி அளவுக்கு இறக்கும். பேச்சுப் பதிவுக்கு வேண்டியதோ 0.3, 0.4 விநாடி. அந்த இடைவெளியை ஃபோமால் மட்டும் நிரப்பப் பார்க்காதீர்கள். துணி நிறைந்த திறந்த அலமாரி, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கும் கனமான திரை, தரையில் ஜமுக்காளம், இவை எல்லாமே உறிஞ்சும். வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள். அதன் கனத்தால், 2 அங்குல ஃபோம் கைவிடும் கீழ் ஒலிகளிலும் (தாழ்ந்த சுருதி) அது வேலை செய்யும்.

வாடகை வீடு. டபுள் டேப் போட்டு ஒட்டிய ஃபோம் ஒரே வாரத்தில் பெயின்ட்டோடு உரிந்து விழுந்துவிட்டது. எந்த டேப் நிற்கும்?
– வாசகி, சென்னை

டேப்பை மாற்றிப் பயனில்லை. ஃபோமின் பின்பக்கத்தை உற்றுப் பாருங்கள், எங்கும் ஓட்டைதான். ஓட்டைகளின் விளிம்பு மட்டும்தான் டேப்பில் தொடுகிறது. சுவர்ப் பக்கம் டிஸ்டம்பரோ சுண்ணாம்போ இருந்தால் மேற்பரப்பு மாவாக இருக்கும். ஒரு துண்டு டேப்பைச் சுவரில் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் வெள்ளைப் பொடி வந்தால், எவ்வளவு விலை உயர்ந்த டேப்பும் அந்தச் சுவரில் நிற்காது. வெயில் காலத்தில் டேப்பின் பசை இளகிவிடுவதும் சேர்ந்துகொள்ளும்.

சுவரில் ஒட்டாமல் பலகையில் ஒட்டிப் பலகையைத் தொங்கவிடுவதே சரியான வழி. 2-க்கு 4 அடியில் 4 மில்லிமீட்டர் ப்ளைவுட் ஒன்றில் 8 ஃபோம் அடங்கும். தச்சர்கள் மைக்கா ஒட்டப் பயன்படுத்தும் ரப்பர் பசையை (கடையில் எஸ்.ஆர். என்று கேட்டால் தருவார்கள்) பலகையிலும் ஃபோமிலும் மெல்லிசாகத் தடவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் இரண்டையும் சேர்த்து உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் ஃபோம் நழுவும், ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். வெள்ளைப் பசை வேண்டாம். ஃபோமுக்குள் ஊறி, ஊறிய இடம் கட்டியாகிவிடும். பலகைக்குப் பதில் தெர்மோகோல் வைக்கவும் கூடாது, ரப்பர் பசையில் உள்ள கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

இப்படிச் செய்த பலகை இரண்டரை கிலோ அளவில்தான் இருக்கும். 6 மில்லிமீட்டர் பிட்டால் இரண்டு துளை, இரண்டு பிளக், ஒன்றரை அங்குல ஸ்க்ரூ, பலகையின் பின்னால் படச்சட்டத்துக்குப் போடும் கொக்கி, அவ்வளவுதான். வீட்டைக் காலி செய்யும்போது இரண்டு துளையைப் பட்டி வைத்து அடைத்தால் முடிந்தது. வீட்டுக்காரர் துளையே கூடாது என்றால் பலகைக்கு ரீப்பரில் (மெல்லிய மரச் சட்டம்) கால் அடித்துத் தரையில் நிறுத்துங்கள். இட மாற்றமும் சுலபம்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஃபோமுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று விட்டால் அது இன்னும் கீழ் ஒலிகளையும் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் முதுகில் ப்ளைவுட் இருந்தால் அந்தப் பலன் கிடைக்காது, ஒலி பலகையைத் தாண்டி அந்தக் காற்றுக்குள் போகவே முடியாது. இடைவெளி வேண்டுமென்றால் முழுப் பலகையை விட்டுவிட்டு ரீப்பரால் சட்டம் அடித்து, சட்டத்தின் விளிம்பில் மட்டும் ஃபோமை ஒட்டுங்கள்.

ஃபோம் ஒட்டினால் பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் உள்ளே வராமல் இருக்குமா?
– வாசகர், திருச்சி

வராமல் இருக்காது. ஒலியைத் தடுப்பது எடை. ஓரடி ஃபோம் ஒன்று 100 கிராம்கூடத் தேறாது. உள்ளே எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதைக் குறைப்பது மட்டும்தான் ஃபோமின் வேலை. உங்கள் 9 அங்குலச் செங்கல் சுவர் ஏற்கெனவே நன்றாகத்தான் தடுக்கிறது, சத்தம் நுழைவது கதவு ஜன்னல் இடுக்கில். கதவுக்கு அடியில் உள்ள அரை அங்குல இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள், நிலையைச் சுற்றிலும் பஞ்சுப் பட்டை ஒட்டுங்கள். ஃபோமுக்குச் செலவிட நினைத்த பணத்தில் பாதியை அங்கே போட்டால் வித்தியாசம் தெரியும். மின்விசிறி, ஏ.சி. சத்தமும் இதே கதைதான். பதிவு செய்யும் நேரத்துக்கு நிறுத்திவைப்பதைத் தவிர மலிவான வழி இல்லை.

முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்கிறார்களே?
– வாசகர், நாமக்கல்

மெல்லிய காகிதக் கூழ் அது. உச்ச ஒலியில் கொஞ்சம் சிதறடிக்கும், மற்றபடி ஒன்றும் செய்யாது. நன்றாகத் தீப்பிடிக்கும். வேண்டாம்.

10-க்கு 10 அறையில் ஸ்பீக்கர் வைத்து மிக்ஸிங் செய்கிறேன். நாலு மூலையிலும் ஃபோம் பாஸ் ட்ராப் (கீழ் ஒலியை உறிஞ்ச மூலையில் வைப்பது) வைத்தும் பேஸ் கிட்டாரின் சில ஸ்வரங்கள் மட்டும் குமுறுகின்றன, சில காணாமல் போகின்றன.
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் அறையின் அளவுதான் காரணம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 10 அடி இருந்தால் சுமார் 57 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 113, 170 ஹெர்ட்ஸிலும் ஒலி முன்னும் பின்னும் மோதி, சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் அழிந்தும் நிலையாக நின்றுவிடும். நீளம் அகலம் இரண்டும் ஒன்றே என்பதால் இரண்டும் அதே ஸ்வரத்தைத் தூக்குகின்றன. கூரையும் 10 அடி என்றால் மூன்றாகிவிட்டது. 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6 மீட்டர். மூலையில் வைக்கும் ஒரு சாண், ஓரடி ஃபோம் அதற்கு ஒரு தடையே இல்லை. ஈக்வலைசரைத் தொட்டும் பயனில்லை. ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு ஏற்றினாலும் அழிந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் காசு செலவில்லாத வேலை. அறையின் நட்டநடுவில், அதாவது 5 அடியில், உங்கள் தலை இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் பக்கத்துச் சுவரில் இருந்து 3 அடி 10 அங்குலத்தில் காது இருக்கும்படி நாற்காலியைப் போட்டு, பேஸ் ஓடும்போதே முன்னும் பின்னும் அரை அடி நகர்ந்து கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும்.

அடுத்தது மூலை. அதற்கு ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வேண்டும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில், 2 அங்குல கனத்தில் கிடைப்பதை இரண்டு அடுக்காக வைத்து 4 அங்குலம் ஆக்குங்கள். 4 அங்குல அகலப் பலகையால் 2-க்கு 4 அடிச் சட்டம் அடித்து, உள்ளே ராக்வூலை இறுக்காமல் பொருத்தி, மேலே காடா துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு தடையில்லாமல் போனால் அந்தத் துணி சரி. ரெக்சினோ பிளாஸ்டிக்கோ முன்பக்கம் கூடாது. மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் ராக்வூலைத் தொடாதீர்கள். அந்த இழை தோலில் பட்டால் அரிக்கும், மூச்சிலும் போகக் கூடாது. சட்டத்தை மூலையில் குறுக்காக நிறுத்துங்கள். பின்னால் முக்கோணமாக விழும் காற்றிடமும் சேர்ந்து வேலை செய்யும். மூலைக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, முதலில் ஸ்பீக்கர் பக்க மூலைகளுக்கு. இதனால் குமுறல் குறையும், முழுதாகப் போகாது. 10-க்கு 10 அறையில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கையில் இருக்கும் ஃபோமைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காது உயரத்தில் சுவரோடு சுவராக நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கரின் ட்வீட்டர் (மேல் ஒலி எழுப்பும் சிறிய வட்டம்) எங்கே தெரிகிறதோ அங்கே பென்சிலால் குறியிட்டு, அதை நடுவாக வைத்து 2-க்கு 2 அடிக்கு ஒட்டுங்கள். ஒவ்வொரு பக்கச் சுவரிலும் இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனியே குறி கிடைக்கும். அறையின் ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் இருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளந்து பார்க்கலாம்.

நாலு சுவரிலும் கூரையிலும் ஒரு அங்குல ஃபோம் ஒட்டினேன். இப்போது குரல் மூடிய பெட்டிக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது.
– வாசகி, சேலம்

ஒரு அங்குல ஃபோம் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஒழுங்காக உறிஞ்சும். நீங்கள் மேல் ஒலி முழுவதையும் தின்ன வைத்துவிட்டீர்கள், 150 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை உள்ள அடிக்குரல் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதி ஃபோமைக் கழற்றுங்கள். கழற்றியதைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு மூன்றாக அடுக்கி ஒட்டி, பரப்பில் குறைவாகவும் கனத்தில் கூடுதலாகவும் உங்கள் முதுகுப் பக்கம் வையுங்கள். பிறகு அறையின் பல இடங்களில் நின்று கை தட்டுங்கள். ‘ட்ர்ர்ங்’ என்று உலோக ஒலி எழும் இடத்தில் இரண்டு வெற்றுச் சுவர்கள் நேருக்கு நேர் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் மூடினால் போதும்.

பார்சலில் அப்பளம்போல் நசுங்கி வந்த ஃபோம் இரண்டு நாளாகியும் முழுதாக எழவில்லை.
– வாசகர், ஈரோடு

தண்ணீர் தெளித்து, கையால் பிழிந்து விட்டு, நிழலில் பரப்பி இன்னும் ஒரு நாள் வையுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும். எழும் முன் ஒட்டினால் பிறகு விரிந்து ஒன்றையொன்று தள்ளி ஓரங்கள் கிளம்பும். வெட்ட வேண்டியிருந்தால் கட்டர் பிளேடை முழு நீளத்துக்கு இழுத்து, ஃபோமை அழுத்தாமல் பலமுறை மெல்ல ஓட்டுங்கள். அழுத்தி வெட்டினால் விளிம்பு வளைந்துவிடும்.

மிருதங்கம், வீணை பதிவுக்கும் இதே ஏற்பாடு போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பேச்சுக்குச் செய்த அளவு வாத்தியத்துக்குக் கூடாது. வீணையின் நாதம் தேய்ந்து அடங்குவதில்தான் அழகு இருக்கிறது. அறை வறண்டு போனால் அது பாதியிலேயே அறுந்ததுபோல் கேட்கும். வாத்தியத்துக்கு அடியில் பாய் அல்லது ஜமுக்காளம், தலைக்கு மேல் 4 அங்குல ராக்வூல் சட்டம் ஒன்று, பின்சுவரில் ஒன்று. பக்கச் சுவர்களில் ஒன்றைப் புத்தக அலமாரியோடு விட்டுவிடுங்கள். மிருதங்கத்தின் இரு முகங்களும் இரு பக்கச் சுவரைப் பார்க்கும் என்பதால், வாசிப்பவரைச் சுவருக்கு இணையாக உட்கார வைக்காமல் சற்றுச் சாய்வாக அமர்த்துங்கள்.

ஃபோம் தீப்பிடிக்குமா? எல்லாவற்றிலும் ‘தீப்பிடிக்காதது’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.
– வாசகி, புதுச்சேரி

சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் மிக வேகமாகப் பிடிக்கும், அதன் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற இரவு விடுதியில் மேடைச் சுவரின் ஃபோமில் வாணத்தின் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் ‘கிஸ்’ விடுதியிலும் அப்படித்தான், 242 பேர். பெட்டியில் அச்சிட்ட வாசகத்தை நம்பாமல் ஃபோம் எப்படி எரிகிறது என்று சோதித்துத் தரும் யு.எல். 94 எச்.எஃப்.-1 போன்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். சான்று உள்ள ஃபோமும் எரியாத பொருள் ஆகிவிடாது. ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயின்ட்டைச் சுற்றி ஓரடி விட்டு ஒட்டுங்கள். வயரை ஃபோமுக்குப் பின்னால் ஓட்டாதீர்கள், அறையின் வாசலை மூடி எதையும் நிறுத்தாதீர்கள். பூஜை அறையாகவும் பயன்படும் இடம் என்றால் ஃபோமே வேண்டாம். எரியாத ராக்வூலைத் தீத்தடுப்புத் துணியில் போர்த்திப் பயன்படுத்துங்கள்.

கடற்கரை ஊர். மூன்று வருட ஃபோம் தொட்டால் பொடியாக உதிர்கிறது, பின்னால் கருப்புப் பூஞ்சை.
– வாசகர், நாகர்கோவில்

பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். பாலியீத்தர் வகை ஈரத்தை நன்றாகத் தாங்கும், வாங்கும்போது அதைக் கேளுங்கள். பூஞ்சைக்குக் காரணம் சுவரின் ஓதம். வெளிச்சுவரில் நேரடியாக ஒட்டினால் அந்த ஈரம் ஆறவே வழியில்லை. உதிரும் ஃபோமை மாஸ்க் போட்டுக்கொண்டு கழற்றிப் பையில் கட்டி அகற்றுங்கள், அந்தத் தூள் மைக்குக்கும் கெடுதல், மூச்சுக்கும் கெடுதல். சுவரைச் சுரண்டி, ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சரிசெய்து, ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி ஈரம் வரவில்லை என்று உறுதியான பிறகு புதியதை மாட்டுங்கள். அதுவரை காலில் நிற்கும் பலகைகளைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்து வேலையைத் தொடரலாம்.