பெருவெடிப்புல இருந்து மிஞ்சி வானம் பூரா பரவிக் கிடக்கிற பின்னணிக் கதிர்வீச்சில், இடத்துக்கு இடம் இருக்கிற லட்சத்தில் ஒரு பங்கு வெப்ப வித்தியாசத்தை நிஜமாகவே அளக்க முடியுமா? கருவியோட கோளாறா இருக்காதா?

வகுப்புல யாரோ உங்களை நல்லாக் குழப்பி விட்டிருக்காங்கன்னு நினைக்கேன். அளந்தாச்சு, 1992-லேயே அறிவிச்சாச்சு.

எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வுல இதே கேள்வியை என்கிட்டயும் கேட்டாங்க. பாளையங்கோட்டையில எங்க அப்பாவுக்குக் கருப்பட்டிக் கடை. அந்தக் காலத்துத் தொங்கு தராசு. "அண்ணாச்சி, தட்டு ஒரு பக்கமா இழுக்கே"ன்னு யாராவது முகத்தைச் சுளிச்சா, அப்பா கோவப்பட மாட்டாரு. "ஏல, தட்டை மாத்தி வையி" அம்பாரு. கருப்பட்டி இருந்த தட்டுல படிக்கல்லு, படிக்கல் இருந்ததுல கருப்பட்டி. சாய்வு கருப்பட்டி கூடவே போனா எடை நிசம். பழைய பக்கமே சாய்ஞ்சா தராசுலதான் கோளாறு. உடனே ஒரு கம்பித்துண்டைத் தடையா (ஈடுகட்டுற எடையா) கட்டிருவாரு. (அப்ப கருப்பட்டின்னா கருப்பட்டி. இப்ப பாதிக்குப் பாதி சீனிப்பாகு, கேட்டா உடன்குடிச் சரக்குங்கான்.)

இந்தக் கதிர்வீச்சை அளக்க நாசா அனுப்பின கோபி (COBE) செயற்கைக்கோள் செஞ்சதும் இதுதான். 1989 நவம்பர்ல ஏவினாங்க. வானம் பூரா 2.725 கெல்வின் (கெல்வின்ங்கது வெப்பநிலை அலகு), அதுல தேடுற வித்தியாசம் ஒரு கெல்வின்ல லட்சத்துல மூணு பங்கு, அதாவது மொத்த 2.725-ல லட்சத்துல ஒரு பங்கு போல. அதனால வெப்பநிலையை நேரா அளக்கவே இல்ல. 60 பாகை விலகின ரெண்டு கொம்பு ஆன்டெனா. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறிச்சுக்கிட்டாங்க. செயற்கைக்கோளே ஒன்றேகால் நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்தும். அரைச் சுத்துல இந்தக் கொம்பு பார்த்த இடத்தை அந்தக் கொம்பு பாக்கும். தட்டு மாறிருச்சா? வித்தியாசம் வானத்தோட போச்சுன்னா நிசம், கொம்போட நின்னுட்டா கருவிக் கோளாறு. ஒரு தடவை அளந்தா இரைச்சல்லயே (கருவியில தன்னால வர்ற தாறுமாறான ஏற்ற இறக்கம்) முங்கிரும். நூறு தடவை அளந்து சராசரி எடுத்தா இரைச்சல் பத்துல ஒண்ணாக் குறையும். அதனாலதான் மாசக்கணக்கா அளந்தாங்க.

இதைத்தான் தராசை வச்சுச் சொன்னேன். வெளியூர்லேருந்து வந்த தேர்வாளர், "இது பலசரக்குக் கடையா, இயற்பியலா?"ன்னு சிரிச்சாரு. மார்க்கும் அந்தச் சிரிப்புக்குத் தக்கனதான். 2006-ல அந்தக் கோபி வேலைக்கு அதை முன்னின்று நடத்தின விஞ்ஞானிகள் மேதருக்கும் ஸ்மூட்டுக்கும் நோபல் கொடுத்தப்போ அந்தத் தேர்வாளர் ஞாபகம்தான் வந்துச்சு.

"பால்வழி மண்டலமே ரேடியோ அலை விடுதே, அது கலக்காதா?"ன்னு கமெண்ட்ல ஒருத்தர் கண்டிப்பா வருவாரு. கலக்கும். அதுக்குத்தான் 31.5, 53, 90 கிகாஹெர்ட்ஸ்னு மூணு அலைவரிசையில பார்த்தாங்க. பால்வழியோட பங்கு அலைவரிசைக்கு அலைவரிசை மாறும், பின்னணியோட வெப்பநிலை மாறாது. பின்னால இதே வேலைக்குப் போன பிளாங்க் செயற்கைக்கோள்ல ஒன்பது அலைவரிசை. நான் இப்ப கடைதான் பாக்கேன், ஆராய்ச்சியாளன் இல்ல. தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிடுதேன். தராசைப் பத்தி மட்டும் என்கிட்ட வாதாடாதீங்க.