கரையில் நின்றவர்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கச்சிமடத்தில் மாலை நேரங்களில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். சமான உறவுக்குத் தற்சுட்டு (ஒவ்வொருவருக்கும் தன்னோடே உறவு), சமச்சீர் (அ-வுக்கு ஆ உறவு என்றால் ஆ-வுக்கும் அ உறவு), கடப்பு (அ-வுக்கு ஆ-வும் ஆ-வுக்கு இ-யும் உறவு என்றால் அ-வுக்கு இ-யும் உறவு) என்ற மூன்று பண்புகளும் வேண்டும் என்று நடத்தியபோது ஒரு மாணவி எழுந்தாள். "அ-வுக்கு ஆ உறவு என்றால், சமச்சீரால் ஆ-வுக்கு அ உறவு. கடப்பால் அ-வுக்கு அ-வே உறவு. தற்சுட்டு தானாக வந்துவிடுகிறதே டீச்சர், அதை ஏன் தனியாகக் கேட்கிறார்கள்?" என்றாள். "புத்தகத்தில் இருக்கிறது, எழுதிக்கொள்" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை. எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை.

உங்கள் வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக எழுதிக்கொள்ளாத பிள்ளை உங்களுக்கு வாய்த்திருக்கிறாள். அவளுக்குச் சரியான பதில் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அவள் சொன்னதில் பின்னிரண்டு வரிகளில் பிழை இல்லை. "அ-வுக்கு ஆ உறவு என்றால்" என்ற தொடக்கத்தில்தான் ஓட்டை. அ-வுக்கு அப்படி ஓர் ஆ இல்லவே இல்லை என்றால்?

உங்கள் ஊர் மீனவர்கள் எல்லோரையும் ஒரு கணமாக, அதாவது ஒரு தொகுப்பாக, வைத்துக்கொள்ளுங்கள். "இன்று இருவரும் ஒரே படகில் கடலுக்குப் போனார்கள்" என்பது உறவு. நான் உங்களோடு போனேன் என்றால் நீங்களும் என்னோடு போனீர்கள், சமச்சீர் உண்டு. என் படகில் நீங்கள், உங்கள் படகில் இன்னொருவர் என்றால் மூவரும் ஒரே படகு, கடப்பும் உண்டு. இப்போது காய்ச்சலில் படுத்துவிட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தப் படகிலும் ஏறவில்லை. ஆகவே "தன்னோடு ஒரே படகில் போனார்" என்பதுகூட அவருக்குப் பொருந்தாது. ஊரின் கணத்தில் அவர் இருக்கிறார். உறவில் அவர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. தற்சுட்டு அவரிடத்தில் உடைந்துவிடுகிறது.

வத்தை என்ற சிறு படகில் தனியாகப் போனவர் கதை வேறு. அவருக்கும் துணை இல்லை. ஆனால் அவர் ஏறிய படகு ஒன்று உண்டு. தன்னோடு தானே போனார். (அவர், அவர்) என்ற வரிசைச் சோடி, அதாவது முதலாவது இரண்டாவது என்று வரிசை குறித்த இணை, உறவில் இருக்கிறது. இந்த இருவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் பாடத்தின் கடினமான பகுதி முடிந்தது.

இங்கே நம் பேச்சுவழக்கும் குழப்புகிறது. பத்தாம் வகுப்பில் "உறவு" என்று படித்ததைப் பதினொன்றில் "தொடர்பு" என்கிறார்கள். எனக்கு உறவு என்ற சொல்தான் பிடிக்கும்; ஆனால் அதைக் கேட்டதும் சொந்தபந்தம் நினைவுக்கு வந்துவிடும். பங்காளிக்குப் பங்காளி பங்காளி என்கிறோம். யாரும் தன்னையே தன் பங்காளி என்று சொல்லிக்கொள்வதில்லை. ஊர் வழக்கில் நான், என் பங்காளி, அவருடைய பங்காளி என்ற மூவரும் வெவ்வேறு ஆட்கள். கணிதத்தில் மூன்றாமவர் முதலாமவராகவே இருக்கலாம். அதனால் தன்னைச் சேர்க்காத பங்காளி உறவு கணிதப்படி கடப்பு உறவே ஆகாது. மச்சான் முறைக்கு அந்தச் சிக்கல்கூட வராது: சமச்சீர் உண்டு, ஆனால் மச்சானுக்கு மச்சான் முறைப்படி பங்காளியாகிவிடுவார்; ஊர் வழக்கிலேயே கடப்பு இல்லை.

கணிதத்தில் உறவு என்பது வரிசைச் சோடிகளின் பட்டியல், அவ்வளவுதான். அந்தப் பட்டியலும் ஒரு கணம். ஒவ்வொரு சோடியையும்கூடக் கணமாகவே எழுதிவிடலாம் என்று போலந்துக் கணிதர் குரடோவ்ஸ்கி 1921-இல் காட்டினார்.

இனி கரும்பலகைக்கு வாருங்கள். மூன்று பேர் என்றால் சோடிகள் ஒன்பது. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் உறவுகள் 512. அவற்றில் சமச்சீரும் கடப்பும் சேர்ந்தவை எத்தனை? கரையில் நின்றவர்களை வைத்து எண்ணுங்கள். மூவருமே கடலில் என்றால் படகுகளில் பிரிந்து ஏற 5 வழி. ஒருவர் கரையில் என்றால் அவர் யார் என்பதற்கு மூன்று வழி, மற்ற இருவரும் ஒரே படகா தனித்தனியா என்பதற்கு இரண்டு, ஆக 6. இருவர் கரையில் என்றால் 3. மூவரும் கரையில் என்றால் 1. மொத்தம் 15. இவற்றில் முதல் ஐந்து மட்டுமே சமான உறவுகள். மற்ற பத்தும் உங்கள் மாணவியின் கேள்விக்குப் பதில்கள்.

அந்தக் கடைசி ஒன்றைத் தவறாமல் சொல்லுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி, ஒருவரும் கடலுக்குப் போகாத நாள் அது. உறவு வெற்றுக் கணம். சமச்சீரையோ கடப்பையோ மீறுவதற்கு அதில் ஒரு சோடிகூட இல்லை. ஆகவே இரண்டும் நிற்கின்றன. தற்சுட்டு மட்டும் ஒருவருக்கும் இல்லை.

மறுநாள் கூண்டு இறங்கி எல்லோரும் கிளம்பிவிட்டால் அதே உறவு சமான உறவாகிவிடும். ஊர் முழுவதும் படகு படகாகப் பிரியும். ஒவ்வொருவரும் சரியாக ஒரு படகில் இருப்பார்கள், யாரும் விடுபட மாட்டார்கள். தற்சுட்டைத் தனியாகக் கேட்பது இதற்காகத்தான்.

நான்கு பேரை வைத்து அவளையே எண்ணச் சொல்லுங்கள். 52 வர வேண்டும். விடையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.