பெயர் தந்த உறவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இங்கிலாந்தின் எவர்ட்டன் கால்பந்துக் கழகத்துக்கு நான் நெடுநாளைய ரசிகன். தென்னமெரிக்காவின் சிலே நாட்டிலும் அதே பெயரில் ஒரு கழகம் இருப்பதை அண்மையில்தான் அறிந்தேன். இரு ஊர் ரசிகர்களுக்கும் இடையே தொடர்பு ஏதேனும் உண்டா?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: உண்டு. அந்தத் தொடர்பை முதலில் வளர்த்தவர்கள் நிர்வாகிகள் அல்லர், உங்களைப் போன்ற ரசிகர்கள் என்பதைச் சொல்லும்போது எனக்கே மகிழ்ச்சியாக இருக்கிறது.

சிலேயின் எவர்ட்டன் 1909ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் வால்பரைசோ துறைமுக நகரில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் வணிகர்களும் கப்பல் நிறுவனங்களும் நிறைந்திருந்த அந்த ஊரில் குடியேறிய ஆங்கிலக் குடும்பங்களின் இளைஞர்களே அதைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் லிவர்பூல் நகரத்து எவர்ட்டன், டாட்டன்ஹாம் அணியுடன் அர்ஜென்டினாவுக்கும் உருகுவேவுக்கும் சுற்றுப்பயணம் சென்றிருந்தது. ஆனால் ஆண்டிஸ் மலையைத் தாண்டிச் சிலேயில் அது ஆடவில்லை. அணி வராத ஊரில் அதன் பெயர் மட்டும் வேர்விட்டது. 1940களில் அக்கழகம் பக்கத்து நகரமான வீனா டெல் மாருக்கு இடம் மாறியது. 1950இல் தேசிய லீக் பட்டத்தை வென்று, தலைநகர் சாண்டியாகோவுக்கு வெளியே இருந்து அதை வென்ற முதல் கழகம் என்ற பெருமையையும் பெற்றது.

வீனா டெல் மார் நகரம் அதன் சூதாட்ட விடுதிக்குப் பெயர் பெற்றது. அங்கே சுழலும் ரூலெட் சக்கரத்தை வைத்து அந்த அணியினரை ‘ருலெத்தெரோஸ்’ என்று அழைப்பார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் ரசிகர்கள் சிலர், சிலே எவர்ட்டனுடன் நட்பை வளர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தபோது அதற்கு ‘ருலெத்தெரோஸ் சொசைட்டி’ என்று பெயரிட்டார்கள். தங்கள் அணியின் செல்லப்பெயரான ‘டாஃபீஸ்’ என்பதை அவர்கள் சூட்டியிருக்கலாம். மூத்த கழகம் நாங்கள்தான் என்ற உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அப்படியிருந்தும் எதிர்த் தரப்பின் செல்லப்பெயரையே தங்கள் சங்கத்துக்குச் சூட்டினார்கள். இந்த நட்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். விருந்தாளியின் ஊர்ப்பெயரைக் கேட்டறிந்து அதைச் சொல்லி வரவேற்பது போன்ற பண்பு அது.

இரு அணிகளும் நேருக்கு நேர் ஆட வேண்டும் என்பது அந்தச் சங்கத்தினரின் பெருவிருப்பமாக இருந்தது. 2010 ஆகஸ்ட் 4ஆம் நாள் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அது நிறைவேறியது. கோப்பைக்கு ‘சகோதரத்துவக் கோப்பை’ என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரை வைத்தார்கள். ஆங்கில எவர்ட்டன் 2-0 என்ற கணக்கில் வென்றது. எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் வென்றது எவர்ட்டன்தான் என்று சொல்லக்கூடிய ஆட்டம் அது.

கேள்வி: இத்தகைய நட்பு ஆட்டங்கள் எல்லாம் ஜெர்சி விற்பதற்கான வணிக ஏற்பாடுகள்தாமே?
(வாசகர், ஈரோடு)

பதில்: பருவத் தொடக்கத்துக்கு முன் நடக்கும் பல வெளிநாட்டுச் சுற்றுப்பயணங்கள் குறித்து உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால், ஆட்டம் முடிந்து விளக்குகள் அணைந்த பிறகு என்ன எஞ்சுகிறது என்பதைப் பார்த்தால் வேறுபாடு புரியும். கழகங்கள் கைமாறுகின்றன, சிலே எவர்ட்டன்கூட 2016இல் மெக்சிகோவின் பச்சூக்கா குழுமத்தின் வசம் சென்றது. புதிய உரிமையாளருக்குப் பழைய நட்பைப் பேணும் கடமை எதுவும் இல்லை. ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கி, ஒரே வரிசையில் அமர்ந்து ஆட்டம் பார்த்த ரசிகர்களின் உறவை எந்த ஒப்பந்தத்தாலும் விற்கவோ வாங்கவோ இயலாது. ஆகவேதான் நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும் என்று ரசிகர்கள் காத்திருக்கக் கூடாது என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: ஒரு கழகம் உலகப் புகழுடனும் மற்றொன்று சிறியதாகவும் இருந்தால் அந்த நட்பு சமமானதாக இருக்குமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இதற்குக் கொரிந்தியன் கழகங்களின் கதையைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. 1882இல் லண்டனில் தோன்றிய கொரிந்தியன் அணி, பணத்துக்கு ஆடாத ஆட்டக்காரர்களைக் கொண்டது. ஒரு காலத்தில் இங்கிலாந்து தேசிய அணி முழுவதுமே அதன் வீரர்களால் நிறைந்திருந்த ஆட்டங்களும் உண்டு. 1910இல் அது பிரேசிலுக்குச் சென்றது. சாவோ பாவ்லோவில் அதன் ஆட்டத்தைக் கண்டு வியந்த பொம் ரெட்டிரோ பகுதித் தொழிலாளர்கள் சிலர், அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளில் தங்களுக்கென ஒரு கழகத்தைத் தொடங்கி அதே பெயரை அதற்கு வைத்தார்கள்.

பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் பெயரன் என்றும், பேச்சில் பேரன் என்றும் சொல்கிறோம். இங்கே பெயரன் பாட்டனைவிடப் பல மடங்கு வளர்ந்துவிட்டான். சாவோ பாவ்லோவின் கொரிந்தியன்ஸ் இன்று பல கோடி ரசிகர்களைக் கொண்ட கழகம். 2012இல் ஜப்பானின் யோக்கஹாமா நகரில் செல்சியை 1-0 என்று வென்று உலகக் கழகக் கோப்பையைக் கைப்பற்றியது. லண்டன் கழகமோ 1939இல் மற்றொரு கழகத்துடன் இணைந்து ‘கொரிந்தியன்-கேஷுவல்ஸ்’ ஆகி, நகரின் தென்மேற்கே டால்வொர்த் பகுதியில் ஒரு சிறிய மைதானத்தில், ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் தராத பழைய கொள்கையை விடாமல், கீழ்நிலை லீக்கில் ஆடிவந்தது.

1988இல் கேஷுவல்ஸ் அணி பிரேசிலுக்குச் சென்று பக்காயெம்பு மைதானத்தில் ஆடியபோது, ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த பெரும் ஆட்டக்காரர் சாக்ரட்டீஸ் பிரேசில் தரப்புக்காக ஒரே கோலை அடித்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு விருந்தினர் அணிக்காக மீதி ஆட்டத்தை ஆடினார். 2015 ஜனவரியில் மீண்டும் சென்ற கேஷுவல்ஸ், முந்தைய ஆண்டு உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம் நடந்த அதே பேரரங்கில் ஆடி 3-0 என்று தோற்றது. தங்கள் ஊரில் சில நூறு பேர் முன்னிலையில் ஆடிப் பழகியவர்களைப் பல்லாயிரம் பேர் எழுந்து நின்று வாழ்த்தினார்கள். லண்டனுக்கு வரும் பிரேசில் ரசிகர்கள் பலர், பெரிய மைதானங்களைப் பார்ப்பதோடு நில்லாமல் டால்வொர்த்துக்கும் ரயிலேறிச் செல்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது புனிதத் தலப் பயணம். வரவு செலவுக் கணக்கில் சமமில்லாத இரு கழகங்கள் மதிப்பில் சமமாக இருக்க இயலும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

கேள்வி: ஒரே பெயர் கொண்ட எல்லாக் கழகங்களுக்கும் இப்படி உறவு உண்டா?
(வாசகர், மதுரை)

பதில்: இல்லை. உருகுவேயின் தலைநகரில் 1915இல் தொடங்கப்பட்ட லிவர்பூல் கழகம், அந்த ஆங்கிலத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது; ஆனால் அதன் சட்டை ஆங்கில லிவர்பூல் அணியின் சிவப்பு அல்ல, கறுப்பும் நீலமும் கொண்டது. பெயர் அறிமுகத்தைத்தான் தருகிறது, உறவைத் தருவதில்லை. அதற்குப் பிறகு யாரேனும் முதல் கடிதத்தை எழுத வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஏழெட்டு எவர்ட்டன் ரசிகர்கள் சேர்ந்து சிலே எவர்ட்டன் ரசிகர்களுடன் பழக விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
(வாசகர், சென்னை)

பதில்: முதல் மடலிலேயே ஜெர்சியோ நினைவுப் பொருளோ கேட்காதீர்கள். அவர்களை ‘சிறிய எவர்ட்டன்’ என்றோ ‘சிலேக் கிளை’ என்றோ ஒருபோதும் குறிப்பிடாதீர்கள். நூற்றாண்டைக் கடந்த தனிக் கழகம் அது. அவர்களுடைய நிறங்கள் நீலமும் மஞ்சளும். ஆங்கில எவர்ட்டனின் நீலமும் வெள்ளையும் அல்ல. வால்பரைசோவின் சாண்டியாகோ வாண்டரர்ஸ் அவர்களுடைய நெடுநாள் எதிரணி என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

அவர்களிடம் கேட்பதற்கு நல்ல கேள்விகளைத் தேடி வையுங்கள். 2008 சிலே லீக்கின் இரண்டு ஆட்டங்கள் கொண்ட இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் கோலோ-கோலோ அணியிடம் 2-0 என்று தோற்றுவிட்டு, சொந்த ஊரின் சவுசலீத்தோ மைதானத்தில் 3-0 என்று வென்று பட்டத்தைப் பறித்த நாளில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் பல பக்கங்களுக்கு வரும். அவர்களில் பலர் ஸ்பானிய மொழியில்தான் எழுதுவார்கள். மொழிபெயர்ப்புச் செயலி உதவும் என்றாலும், வாழ்த்தையும் நன்றியையுமாவது நீங்களே கற்று எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட, அவர்களுடைய ஆட்டங்களைப் பாருங்கள். அங்கே மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், பருவத்துக்கு ஏற்ப, நமக்கு விடியற்காலை இரண்டரை அல்லது மூன்றரை மணி. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு, விழித்திருந்து பார்த்தவர் மறுநாள் காலையில் அந்த ஆட்டத்தைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்பட்டும்.