வாசகர் கேள்வி – பதில்: கல்லூரிக் கலைக்கூடமும் கடற்கரை ஓதமும்

வடசென்னையில் சில கல்லூரிகள் பழைய நூலக அறையையோ உபரியாகக் கிடக்கும் வகுப்பறையையோ கலைக்கூடமாக மாற்றி, ஆண்டுக்கு நான்கைந்து சமகாலக் கலைக் கண்காட்சிகள் நடத்தத் திட்டமிடுகின்றன. அதையொட்டி வந்த கேள்விகளுக்குக் கண்காட்சி அமைப்பில் பழக்கமுள்ளவர்கள் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் கல்லூரியில் தரைத்தளத்தில் 40க்கு 22 அடி அறை ஒன்று கிடைத்திருக்கிறது. ஓராண்டில் நான்கு கண்காட்சிகள் நடத்த நினைக்கிறோம். எந்தெந்த மாதங்களில் வைக்கலாம்?
– கல்லூரி ஆசிரியை, ராயபுரம்

முதலில் மழையைப் பாருங்கள், பிறகு தேர்வு அட்டவணையை. சிறப்பு விருந்தினர் எந்தத் தேதியில் வருவார் என்பதெல்லாம் கடைசிக் கவலை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தரைத்தள அறையில் அந்த நாட்களில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். நவம்பரில் பருவத்தேர்வும் சேர்ந்துகொள்ளும். ஆகவே தாளில் செய்த ஓவியம், அச்சுப்படம், புகைப்படம் எல்லாம் ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டு கண்காட்சி, பொங்கல் கழிந்து மார்ச் நடுவரை இரண்டு கண்காட்சி என்று முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் அறையைப் பூட்டிவைக்க மனமில்லை என்றால் உலோகம், சுடுமண், காணொளி போன்ற படைப்புகளை வைக்கலாம்.

ஒவ்வொன்றும் மூன்று வாரம் இருக்கட்டும். நடுவே எட்டு வேலைநாள் இடைவெளி கட்டாயம்: இறக்கிக் கட்ட 2 நாள், ஓட்டை அடைத்துப் பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்க 2 நாள், காய 2 நாள், மாட்ட 2 நாள். பெரும்பாலும் காயவிடும் இரண்டு நாளைத்தான் வெட்டுவார்கள். தொட்டால் ஒட்டாத பெயின்ட் உள்ளே இன்னும் ஈரம் விட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த ஈரம் சட்டத்தின் முதுகில் போய் உட்காரும்.

இன்னொரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் காலம் அது. மாணவர்களுக்கு விடுமுறை என்பதற்காக மே மாதம் கதவை அடைக்காமல், அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்காகச் சிறிய கண்காட்சி ஒன்று வையுங்கள். மாலை 4 முதல் 8 வரை திறந்தால் போதும். ஞாயிறும் திறந்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு நாள் கிடையாது.

எங்கள் துறையில் போன ஆண்டு வைத்த லினோகட் (லினோலியம் விரிப்பில் செதுக்கி எடுக்கும்) அச்சுப்படங்கள் பத்தே நாளில் அலை அலையாக நெளிந்துவிட்டன. இரண்டில் பழுப்புப் புள்ளி வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டுத்தான் வைத்தோம். ஏசியும் இருக்கிறது. எங்கே தவறு?
– நுண்கலை மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

தம்பி, நீங்கள் அனுப்பிய விவரத்திலேயே விடை இருக்கிறது: படத்தின் முதுகு முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டியிருக்கிறீர்கள். ஈரம் பட்டால் தாளின் நார் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அப்படி விரிந்து சுருங்க அதற்கு இடம் வேண்டும். முழுதும் ஒட்டினால் அது நகர வழியில்லாமல் மேடுபள்ளமாக எழும்பும்.

சரியான முறை, மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய நார்த்தாள் துண்டால் தொங்கவிடுவது. அதற்கான பசையைத் துறையிலேயே காய்ச்சலாம். கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் 20 நிமிடம் கை விடாமல் கிண்டுங்கள். பால்வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் தாங்கும்; புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசை வேண்டாம். மாவில் உள்ள புரதம் பூச்சியை அழைக்கும், பூச்சிக்குப் பயந்து மயில்துத்தம் கலந்தால் அதிலுள்ள தாமிரம் தாளை அரிக்கும். செல்லோடேப், ஃபெவிகால் இரண்டையும் படத்தின் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

அடுத்தது கண்ணாடி. படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. நடுவே சன்னல்போல வெட்டிய மவுன்ட் போர்டு என்ற கெட்டி அட்டை ஒன்று இருந்தால் அதன் கனத்துக்கு இடைவெளி கிடைக்கும். புகைப்படத்துக்கு இது இன்னும் முக்கியம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட புகைப்படத்தை முழுசாகப் பிரித்தெடுப்பது அநேகமாக முடியாத காரியம். போர்டு வாங்கும்போது ‘அமிலமற்றது’ என்று கேட்டு வாங்குங்கள். ஆண்டர்சன் தெருவில் அலைந்தால் தாள், அட்டை எல்லா ரகமும் பார்க்கலாம்.

ஏசி விஷயத்துக்கு வருவோம். காலை 10 மணிக்குப் போட்டு மாலை 5 மணிக்கு அணைத்து, உடனே சன்னலைத் திறந்திருப்பீர்கள். குளிர்ந்துபோன கண்ணாடியில் கடற்காற்று பட்டதும், ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் போல நீர் கோக்கும். தினமும் இப்படி நனைந்து காய்வதைவிட ஏசியே இல்லாமல் இருப்பது மேல். இரவிலும் ஓட்ட முடியாது என்றால் ஏசியை மறந்துவிட்டு, சன்னலைச் சாத்தி, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். சின்ன டிஜிட்டல் ஈரமானி இரண்டு வாங்கி, ஒன்றை உள்சுவரிலும் ஒன்றைக் கதவருகிலும் மாட்டி, காலையும் மாலையும் எண்ணைக் குறித்துவாருங்கள். தொடர்ந்து சில நாள் 65 சதவீதத்தைத் தாண்டினால், பழுப்புப் புள்ளி போடும் பூஞ்சை வரத் தொடங்கும் என்று பொருள். தாள் படைப்புகளை இறக்கிவிடுங்கள்.

ஈரம் காற்றிலா, சுவரிலா? ஒரு சதுர அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப் போட்டு மூடி, இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் துளி கட்டினால் சுவரிலேயே ஓதம் ஏறுகிறது. அந்தச் சுவரில் எதையும் மாட்டாதீர்கள். மேலே பெயின்ட் அடித்து மறைத்தாலும் சில வாரத்தில் உப்பு பூத்து உதிரும். ஒரு அடி தள்ளி மரச்சட்டத்தில் பிளைவுட் தடுப்பு எழுப்பி அதில் மாட்டுங்கள். வெளிப்பக்கம் துளி என்றால் காற்றின் ஈரம். சட்டத்தின் கீழ்மூலைகளில் ரப்பர் பொத்தான் ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் காற்றோட்டம் விட்டால் சமாளிக்கலாம்.

படங்களை ஒரே மட்டத்தில் மாட்டுவது எப்படி? நாங்கள் மாட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கிறது.
– கண்காட்சிக் குழு மாணவிகள், தண்டையார்பேட்டை

மேல்விளிம்பை வைத்து அளப்பதால் வரும் குழப்பம் இது. படங்களின் நடுப்புள்ளி எல்லாம் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் வரவேண்டும். பள்ளிக் குழந்தைகள் நிறைய வருவார்கள் என்றால் 140. கணக்கு இதுதான்: நடு உயரம், கூட்டல் படத்தின் உயரத்தில் பாதி, கழித்தல் கம்பித் தொய்வு. 90 செ.மீ. உயரப் படம், பின்னாலுள்ள கம்பியை விரலால் இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்புக்கு 8 செ.மீ. கீழே நிற்கிறது என்று வையுங்கள். 150 + 45 – 8 = 187. கொக்கி 187 செ.மீட்டரில். ஒவ்வொரு படத்துக்கும் இந்த எண்ணைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி முடித்தபிறகே டிரில்லைத் தொடுங்கள். ஒரு படத்துக்கு இரண்டு கொக்கி போட்டால் பிறகு சாயாது. இரண்டு கொக்கியில் கம்பி விரிந்து மேல்விளிம்பிலிருந்து இன்னும் சற்றுக் கீழே நிற்கும் என்பதால், இரண்டு விரலால் இழுத்து அளந்த தூரத்தைக் கணக்கில் போடுங்கள்.

பழைய கட்டடமானால் சுண்ணாம்புப் பூச்சே ஓர் அங்குலம் இருக்கும். 35 மி.மீ. திருகு பூச்சோடு நின்றுவிடும். படம் அன்றிரவே பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும். செங்கல்வரை போகிற மாதிரி 65 மி.மீ. திருகும் அதற்கேற்ற நீள பிளக்கும் போடுங்கள். இரும்பு வேண்டாம், துருப்பிடிக்காத ஸ்டீல் அல்லது பித்தளை. உப்புக்காற்றில் இரும்பு ஆணி ஒரு மழைக்காலத்திலேயே சுவரில் பழுப்புக் கோடு இழுத்துவிடும்.

தூண்டில் நரம்பில் தொங்கவிடும் வழக்கம் இந்தப் பக்கம் அதிகம். பார்க்க அழகு, விலையும் மலிவு. ஆனால் பளு தொங்கத் தொங்க நைலான் நீளும். திறப்புவிழா அன்று நேராக இருந்த வரிசை ஒரு வாரத்தில் ஏறி இறங்கி நிற்கும். ஒன்றரை மி.மீ. ஸ்டீல் கம்பிக் கயிற்றுக்கு மாறுங்கள்.

துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன் நான். பேத்தி படிக்கும் கல்லூரியில் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். பழைய மீன்வலையைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, கலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் இது தினமும் காய்கிறது. இதை எப்படிப் பார்ப்பது?
– வாசகர், திருவொற்றியூர்

ஐயா, அந்த அறையில் வலையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் நீங்களாகத்தான் இருந்திருப்பீர்கள். அங்கிருந்தே தொடங்கலாம். அது எந்த மீனுக்கான வலை, வலைக்கண் எவ்வளவு அகலம், எத்தனை இடத்தில் பொத்தியிருக்கிறது, யார் கை பொத்தியது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும். தெருவில் காயும்போது அது வேலைக்கான பொருள், நாம் தாண்டிப் போய்விடுகிறோம். தனி அறையில் வெளிச்சத்தில் தொங்கும்போது அதைச் சுற்றி நடக்கிறோம், நிழல் சுவரில் எப்படி விழுகிறது என்று நிற்கிறோம். செய்தவர் அந்த நிற்றலைத்தான் கேட்கிறார். அவர் வலையை என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள்: வெட்டினாரா, மடித்தாரா, வேறு எதையாவது அதில் சிக்கவைத்தாரா? ஒன்றுமே செய்யாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் நாலு பத்தி கடினமான எழுத்தை மட்டும் ஒட்டியிருந்தால் அது பலவீனமான படைப்புதான். அப்படிச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

புழங்கும் பொருளைக் கலைக்குள் கொண்டுவருவது புதிதல்ல. சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கிச் சிற்பம் செய்கிறார். பாரதி கேர் ஒட்டுப்பொட்டுகளை ஆயிரக்கணக்கில் ஒட்டிப் பரப்பை நிரப்புகிறார். சென்னையில் வாழும் பெனிதா பெர்சியாள் குந்திரிகம், வெள்ளைப்போளம் போன்ற வாசனைப் பொருள்களைக் குழைத்து உருவங்கள் செய்கிறார். 2014இல் கொச்சி பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. அந்தச் சிற்பத்தின் முன் நிற்கும்போது கண்ணுக்கு முன்னே மூக்கு வேலைசெய்யும். ராயபுரத்து மாதா கோயிலுக்குப் போகிற எவருக்கும் அது விளக்கம் இல்லாமலே புரியும்.

வலை வைக்கப்போகும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி நிழலில் காயவையுங்கள். உப்பு இருக்கும்வரை வலை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, கீழே சொட்டும், நாறும். அடியில் கோத்த ஈயக்குண்டுகளைக் கையுறை போட்டே கழற்றுங்கள். நைலான் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்; சூடேறும் விளக்கை அரை மீட்டருக்குள் கொண்டுவர வேண்டாம், குத்துவிளக்கு ஏற்றும் இடத்தை அறைக்கு வெளியே மாற்றிவிடுங்கள்.

படத்தின் கண்ணாடியில் விளக்குதான் தெரிகிறது, படம் தெரியவில்லை.
– வாசகி, வியாசர்பாடி

விளக்கு சுவரிலிருந்து தள்ளி இருக்கிறது. நேர்க்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்வில் ஒளி விழவேண்டும். விளக்குத்தடம் (விளக்குகளை மாட்டும் நீளத் தண்டு) 3 மீட்டர் உயரத்தில், படத்தின் நடு ஒன்றரை மீட்டரில் என்றால், தடம் சுவரிலிருந்து சுமார் 87 செ.மீ. தூரத்தில் இருந்தால் சரியாக வரும். நிறம் காட்டும் திறன் (சிஆர்ஐ) 90க்கு மேலுள்ள எல்இடி வாங்குங்கள். சாதாரண டியூப்லைட்டில் சிவப்பு செத்துப்போகும். படத்தின்மேல் விழும் வெளிச்சம் தாள் படைப்புக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் போதும். எதிர்ச்சுவரில் சன்னல் இருந்தால் கறுப்புத்துணி போடுங்கள்.

காணொளிப் படைப்பு நடுவில் நின்றுபோகிறது. புரொஜெக்டரா, டிவியா, எது நல்லது?
– கல்லூரி ஆய்வக உதவியாளர், கொருக்குப்பேட்டை

அறையை இருட்டாக்க முடியாவிட்டால் டிவிதான். பல டிவிகள் ரிமோட்டை யாரும் தொடாவிட்டால் நான்கு மணிநேரத்தில் தாமாக அணையும். செட்டிங்கில் போய் அதை நிறுத்துங்கள். கோப்பு எம்பி4 வடிவில் பென்டிரைவில் இருக்கட்டும், ‘ரிப்பீட்’ போடுங்கள். இணையத்திலிருந்து ஓட்ட வேண்டாம். புரொஜெக்டர் என்றால் அதன் எறிவிகிதத்தைப் பாருங்கள்: 1.5 என்று போட்டிருந்தால் 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தூரம் வேண்டும். இடையில் ஒரு யுபிஎஸ். தினமும் காலையில் திறப்பவர் யார் என்று பெயர் எழுதி சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பாதி கண்காட்சிகளில் திரை கறுப்பாக இருப்பதற்குக் காரணம் யாரும் போடாததுதான்.

பெயர்ப்பலகையைத் தமிழில் அச்சிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி வருகிறது.
– மாணவர், மணலி

யூனிகோட் எழுத்தை, தமிழைக் கோக்கத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதன் விளைவு. ‘கொடி’ என்பதில் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் வேர்டில் அமைத்துப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். எழுத்து 18 புள்ளிக்குக் குறையக்கூடாது. படைப்பாளி பெயர், தலைப்பு, ஆண்டு, என்னென்ன பொருளால் செய்தது, அளவு. பொருள் வரியைத் தவிர்க்கவே கூடாது. திருவொற்றியூர் ஐயா போன்றவர்களோடு பேச்சைத் தொடங்குவது அந்த வரிதான். படத்தின் வலப்பக்கம், 130 செ.மீ. உயரத்தில் ஒட்டுங்கள்.

பெரியமேட்டிலிருந்து படங்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிவரலாமா? குட்டியானை வாடகை கட்டுப்படியாகவில்லை.
– கண்காட்சிக் குழு, புதுவண்ணாரப்பேட்டை

1850இல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரி அந்தப் பக்கம்தானே, அங்கே படித்தவர்களிடமிருந்து வாங்கிவருகிறீர்கள் போலும். இரண்டடிக்கு உட்பட்ட, கண்ணாடியில்லாத படங்கள் ஐந்தாறு என்றால், மழையில்லாத காலையில், மீன் ஏற்றாத வண்டி பார்த்துக் கொண்டுவரலாம். கண்ணாடிச் சட்டத்துக்கும் பெரிய கேன்வாஸுக்கும் குட்டியானையே எடுங்கள். திறந்த வண்டியில் பெரிய கேன்வாஸ் பாய்மரம் மாதிரி காற்றுப் பிடிக்கும்.

படுக்கவைத்து அடுக்காதீர்கள். நிமிர்த்தி, முகத்தோடு முகம், முதுகோடு முதுகு, நடுவே அட்டை. பபிள் ரேப்பின் குமிழி வெளிப்பக்கம் பார்க்கட்டும். வெயிலில் அக்ரிலிக் இளகினால் குமிழி அச்சு வட்ட வட்டமாகப் பதிந்துவிடும், அதை எடுக்கவே முடியாது. முதலில் ஒரு சுற்று ஒட்டாத வழவழப்புத் தாள், அதன்மேல் பபிள் ரேப். ஏற்றுமுன் ஒவ்வொரு படத்தின் நான்கு மூலையையும் முதுகையும் கைபேசியில் படமெடுத்து, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளிலும் அதே தாளை எடுத்துவைத்து, மூலை மூலையாக ஒப்பிட்டபிறகே வண்டியை அனுப்புங்கள்.