கடைக்குக் கூட்டிட்டுப் போனா கையில என்ன?

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு நாலு வயசு. வீட்ல பாத்துக்க ஆள் கிடையாது, அதனால பால் வாங்க, மாவு அரைக்க, ஜெராக்ஸ் எடுக்கன்னு எங்க போனாலும் அவளையும் இழுத்துட்டுதான் போவேன். பாவமா இருக்கேன்னு நடுவுல சும்மா ஒரு ஸ்டிக்கர், ஒரு சின்ன சாக்லேட்னு வாங்கிக் குடுத்தேன், அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. இப்ப என்னடான்னா செருப்பு மாட்டும்போதே "இன்னைக்கு என்ன வாங்கித் தருவ?"ன்னு கேக்குறா. இல்லைன்னா கடை வாசல்லயே உருளுறா. நீ குடுத்த செல்லம்தான்னு மாமியார் சொல்றாங்க. நிறுத்திடவா? - ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: நிறுத்த வேணாம்மா. உங்க மாமியார் சொல்றதுல பாதி சரி, ஆனா செல்லம் குடுத்தது பிரச்சினை இல்ல. நீங்க குடுத்தது முதல்ல சர்ப்ரைஸா இருந்துச்சு, தினமும் குடுக்கக் குடுக்க அது சம்பளம் ஆயிடுச்சு. சம்பளம் வரலைன்னா யாருக்கும் கோவம் வரும்ல.

இதை ரொம்ப வருஷம் முன்னாடியே சோதிச்சுப் பாத்திருக்காங்க. 1973ல அமெரிக்காவுல மார்க் லெப்பர்ங்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும், படம் வரையப் பிடிச்ச மூணுல இருந்து அஞ்சு வயசு குழந்தைங்களை எடுத்துக்கிட்டாங்க. கொஞ்ச பேர்கிட்ட "வரைஞ்சா பரிசு உண்டு"ன்னு முன்னாடியே சொன்னாங்க, கொஞ்ச பேருக்கு ஒண்ணும் சொல்லாம வரைஞ்சு முடிச்சதும் அதே பரிசைக் குடுத்தாங்க, மீதி பேருக்கு எதுவுமே இல்ல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா, முன்னாடியே சொல்லி வாங்கின பசங்க மத்தவங்கள்ல பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டாங்க. எதிர்பாக்காம வாங்கின பசங்களுக்கு ஆசை குறையவே இல்ல. பரிசு ஒண்ணுதான், சொல்லிக் குடுத்ததுக்கும் சொல்லாம குடுத்ததுக்கும்தான் அவ்ளோ வித்தியாசம்.

அதனால "சமத்தா வந்தா கிண்டர் ஜாய்" டைப் பேச்சை முதல்ல விட்டுடுங்க. கிளம்பும்போதே "இன்னைக்கு மாவு மில்லு, ஜெராக்ஸ், அவ்ளோதான், எதுவும் வாங்கல"ன்னு சொல்லிடுங்க. முதல் ஒரு வாரம் உருளுவா, உருளட்டும், பக்கத்துலயே நில்லுங்க, அடிக்காதீங்க, நாலு பேரு பாக்குறாங்களேன்னு வாங்கியும் குடுத்துடாதீங்க. ஒன்பது தடவ மறுத்துட்டு பத்தாவது தடவ குடுத்தோம்னு வைங்க, இன்னும் கொஞ்சம் அழுதா கிடைக்கும்னுதான் அவ கத்துப்பா. தூக்க நேரத்துலயும் பசி நேரத்துலயும் கூட்டிட்டுப் போறதைத் தவிருங்க, பாதி அழுகை அதனாலதான்.

அப்புறம் சர்ப்ரைஸ்னாலே கடையில வாங்குறதுதான்னு யாரு சொன்னா? மாவு மில்லுக்குத்தான் போறீங்களே, அங்க துணிக் குழாய் வழியா கோதுமை மாவு இறங்கும்போது டின்னை வெளிப்பக்கம் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, கதகதன்னு இருக்கும் (பெல்ட் ஓடுற பக்கம் மட்டும் விடாதீங்க). உங்களுக்கு முன்னாடி யாராவது மிளகாய் அரைச்சிருந்தா ரெண்டு பேரும் தும்முறதே ஒரு விளையாட்டு. குரோம்பேட்டைக்குத் துணி எடுக்கப் போனா போறப்ப ஷேர் ஆட்டோ, வர்றப்ப சொல்லாம கொள்ளாம ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சுடுங்க. உங்களுக்கு அஞ்சு ரூபா டிக்கெட், அஞ்சு வயசுக்குக் கீழ அவளுக்கு டிக்கெட்டே வேணாம். ரெண்டே ஸ்டேஷன்தான், ஆனா ஜன்னல் சீட் கிடைச்சா அவளுக்கு அது பெரிய டூர். அரசு பஸ்ஸுலயும் 2022ல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஃப்ரீ, சாதாரண டவுன் பஸ்ஸா இருந்தா உங்களுக்கும் ஃப்ரீ, ஆக மொத்தம் செலவு சைபர்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது போஸ்ட் கார்டு. அம்பது பைசாதான், ஸ்டாம்ப் அதுலயே அச்சடிச்சிருக்கும். சின்ன ஆபீஸ்ல ஸ்டாக் இல்லம்பாங்க, பெரிய போஸ்ட் ஆபீஸ்ல கேளுங்க. அவளையே எதையாவது கிறுக்கச் சொல்லி, நீங்க அவ பேரைப் போட்டு உங்க வீட்டு அட்ரஸை பின்கோடோட எழுதி, தூக்கிப் பிடிச்சு அந்த சிவப்புப் பெட்டிக்குள்ள அவ கையாலயே போட வைங்க. அதுக்கப்புறம் அதைப் பத்தி மூச்சு விடாதீங்க. அவ மறந்தே போயிருப்பா, ஒரு நாள் போஸ்ட்மேன் வந்து அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுவார் பாருங்க, அந்த மூஞ்சியை எந்த சாக்லேட்டும் கொண்டு வராது.

எப்பவாவது ஒரு ஸ்டிக்கர் வாங்கிக் குடுக்கணும்னு தோணுச்சா, குடுங்க. அவ கேக்காத நாளாப் பாத்துக் குடுங்க.

கேள்வி: அம்மா, மூணு வயது பேரனை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போகும்போது பஞ்சுமிட்டாய், வறுத்த கடலை என்று ஏதாவது வாங்கித் தருவேன். மருமகள் சண்டைக்கு வருகிறாள். தாத்தாவுக்கு அந்த உரிமைகூட இல்லையா? - ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உரிமை நிறைய இருக்குங்கய்யா, ஆனா இந்த ரெண்டுலயும் நான் மருமக பக்கம்தான். பஞ்சுமிட்டாய்ல துணிக்குப் போடுற ரோடமின் பி சாயம் இருந்ததைக் கண்டுபிடிச்சுதான் 2024 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு அதை விக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. முழுக் கடலை இந்த வயசுல மூச்சுக்குழாய்ல போய் அடைச்சுக்கும், திராட்சையும் அப்படியே முழுசாக் குடுக்கக் கூடாது, நீளவாக்குல நாலா நறுக்கிக் குடுக்கணும். கடலைதான் வேணும்னா நைஸா பொடிச்சுக் குடுங்க.

வேற வழியா இல்ல உங்க ஊர்ல? பாத்திரக் கடையில ஒரு பித்தளைத் தட்டைக் கேட்டு வாங்கி அங்கேயே அவனை விரலால தட்ட விடுங்க, கடைக்காரர் எவர்சில்வர் ஒண்ணு குடுத்தா அதையும் தட்டிட்டு எது ரொம்ப நேரம் கிணுகிணுங்குதுன்னு கேக்கட்டும். காய்க்காரம்மா கொசுறாக் குடுக்குற கறிவேப்பிலையை அவன் கையில குடுக்கச் சொல்லுங்க. இளநீர் குடிச்சா வழுக்கையை சுரண்டி ஊட்டி விடுங்க. வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் மருமகட்ட சொல்லிடுங்க, "அம்மாகிட்ட சொல்லாத"ன்னு மட்டும் பழக்காதீங்க. அது ஆபத்தான பழக்கம்.

கேள்வி: பெரியவன் ஸ்கூல்ல இருக்கும்போது சின்னவளுக்கு மட்டும் கடைக்குப் போன இடத்துல இப்படி ஏதாவது சர்ப்ரைஸ் கிடைச்சா சாயங்காலம் வீடு ரெண்டாகுது. அவனுக்கும் ஒண்ணு வாங்கி வெச்சுடணுமா? - ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம், கணக்குப் பாக்க ஆரம்பிச்சா முடியவே முடியாது. பெரியவனை உங்க கட்சியில சேத்துக்கோங்க. "நாளைக்கு மார்க்கெட் போறோம், பாப்பாவுக்கு என்ன பண்ணலாம்?"னு ராத்திரி அவன்கிட்ட ரகசியமாக் கேளுங்க. நம்மளவிட நல்ல ஐடியா எல்லாம் குடுப்பான், அதுவும் பத்து ரூபாய்க்குள்ள.