மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டு

கேள்வி: சீனாவின் ஈவு நகரில் ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறோம். எங்கள் கிடங்கில் வேலை பார்க்கும் ஹெனான் மாகாணத்து அக்காவின் கணவர் ஹாங்சோவில் கட்டட வேலை செய்தவர். ஐந்து மாதக் கூலி பாக்கி. மேஸ்திரி பாக்கித் தொகையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்ததோடு சரி, போனை எடுப்பதில்லை. வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, வெறுங்கையோடு எப்படி ஊருக்குப் போவது என்று அக்கா அழுகிறார். வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் மேஸ்திரி பின்னால் அலைய வேண்டாம். கிராமத்திலிருந்து வெளியூர் வேலைக்கு வரும் கிராமத் தொழிலாளர் கூலிக்கென 2020 மே 1 முதல் தனி விதிமுறை இருக்கிறது. வேலையைப் பிரித்து எடுத்த உள்ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால், கட்டட வேலை முழுவதையும் ஏற்ற தலைமை ஒப்பந்ததாரர் முதலில் கொடுத்துவிட வேண்டும். அதை உள்ஒப்பந்தக்காரரிடம் வசூலிப்பது தலைமை ஒப்பந்ததாரரின் பாடு.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தலைமை ஒப்பந்ததாரர் யாரென்றே பலருக்குத் தெரியாது. ஊரிலிருந்து கூட்டி வந்த மேஸ்திரிதான் அவர்கள் கண்ட முதலாளி. ஆனால் வேலைத்தளத்தில் ஒப்பந்ததாரர்களின் பெயர், கூலி தரும் தேதி, புகார் எண் எல்லாம் எழுதிய பலகை வைத்தே தீர வேண்டும். முதல் வேலையாக அதைப் படமெடுக்கச் சொல்லுங்கள். கட்டடம் முடிந்தால் பலகையும் போய்விடும்.

அடுத்தது சீட்டு. மேஸ்திரியின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், தொகை, தேதி, தளத்தின் பெயர், சிவப்பு மையில் கைநாட்டு எல்லாம் இருக்கிறதா பாருங்கள். கணக்குப் பார்க்க என்று யார் கேட்டாலும் நகல் மட்டும்தான். வீசாட் உரையாடல், வங்கி வரவு, தள நுழைவு அட்டை எதையும் அழிக்க வேண்டாம்.

புகாரை ஹாங்சோவின் தொழிலாளர் கண்காணிப்புப் பிரிவில் கொடுக்க வேண்டும். 12333 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம். ஹுகோ எனும் ஊர்ப்பதிவு ஹெனானில் இருப்பது இதற்குத் தடையில்லை. இலவச வக்கீலுக்கு 12348. கூலி பாக்கி கேட்கும் கிராமத் தொழிலாளரிடம் 2022 முதல் வறுமைச் சான்று கேட்பதில்லை.

சீட்டை வைத்து நேரே நீதிமன்றமும் போகலாம். மேஸ்திரி மட்டும் கையெழுத்திட்டிருந்தால் வழக்கும் பெரும்பாலும் அவரோடு நின்றுவிடும், அதனால்தான் கண்காணிப்புப் பிரிவை முன்னால் சொன்னேன். இன்னொரு வழி தொழிலாளர் தகராறுகளுக்கான நடுவர் மன்றம். அதற்குக் கட்டணமில்லை, ஆனால் வேலையை விட்டு ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். கோபத்தில் கிரேனில் ஏறி நின்றால் போலீஸ் பிடிப்பது இவரைத்தான்.

விழா நெருங்கும்போது பாதித் தொகையை நீட்டி, ‘இனிப் பாக்கி இல்லை’ என்ற தாளில் கைநாட்டுக் கேட்பார்கள். பணத்தை வாங்கிக்கொள்ளட்டும். வாங்கிய தொகையை மட்டும் குறித்த ரசீது போதும். அந்த ஒரு வரி இருக்கும் தாளில் விரலை வைக்க வேண்டாம்.